கடல் தந்த எச்சரிக்கை

தமிழ்நாட்டுக் கோட்டைகளுள் தலைசிறந்தது செஞ்சிக் கோட்டை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், செஞ்சியை நெருங்கும்பொழுதே ஓங்கி உயர்ந்த பாறைக் குன்றுகளையும், அவற்றைச் சுற்றி வளைத்துச் செல்லும் மதில்களையும் காண்பர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்பன அக்குன்றுகளின் பெயர்கள். மூன்று குன்றுகளையும் நெடுமதில் ஒன்று பிணைத்து நிற்கிறது. அவற்றுள் ராஜகிரியே உயர்ந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 800 அடி. சிவாஜி 1677-ஆம் ஆண்டில் இக்கோட்டையைக் கைப்பற்றினார். மொகலாயர் பல்லாண்டுகள் முற்றுகையிட்டு 1698-இல் இதனை அடைந்தனர். தேசிங்குராசன் 1714-இல் போரிட்டு மாண்ட கதையை நாட்டுப்புற மக்கள் இன்றும் பாடுகின்றனர். 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், மராத்தியர் காலப் படைத்தலங்களின் வரிசையில் செஞ்சியையும் சேர்த்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இக்கோட்டையின் உச்சியில் நிற்பவருக்குக் கடல் ஒரு பொருட்டாகத் தோன்றாது. சுற்றிலும் பாறைகளும் வயல்களும் ஏரிகளுமே கண்ணில் படும். ஆயினும் செஞ்சியின் நல்வாழ்வும் தாழ்வும் ஒரு காலத்தில் கடலைச் சார்ந்தே இருந்தன. செஞ்சிக் குன்றுகளின் பக்கத்தில் தோன்றும் சங்கராபரணி ஆறு, கிழக்கு நோக்கி ஓடிப் புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது. அந்த ஆற்றைப் போலவே செஞ்சியின் வரலாறும் பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக் கடற்கரையை நோக்கித் திரும்பியது. அக்கடலில் எழுந்த இரு பெரும் புயல்கள், தொலைநாட்டிலிருந்து வந்த மாலுமிகள் பலரை விழுங்கின. இரு கடற்படைத் தலைவர்கள் மட்டும் அவற்றுக்கு மயிரிழையில் தப்பினர். அவர்கள் தப்பிய வகை வேறு வேறு. அந்த வேற்றுமையில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

அந்நாளில் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் ஒதுங்கி நிற்கத்தக்க துறைமுகம் ஒன்றேனும் இல்லை. சென்னையானாலும், கடலூரானாலும், புதுச்சேரியானாலும், கரையிலிருந்து நெடுந்தொலைவில் திறந்த கடலிலேயே கப்பல்கள் நங்கூரம் இட்டு நின்றன. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே மக்களையும் சரக்கையும் அலைகளுக்கு ஊடே கரை சேர்த்தன. காற்று அடங்கியிருக்கும் மாதங்களில் இம்முறையால் தீங்கில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவக் காற்று தொடங்கிவிட்டாலோ, அக்கரை கப்பல்களுக்குக் காலன் வாயில் ஆகிவிடும். ஆதலால் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் அப்பருவத்தில் இலங்கையின் திருகோணமலைக்கோ, மேலைக் கரையிலுள்ள பம்பாய்க்கோ சென்றுவிடுவதும், காற்று தணிந்தபின் திரும்பி வருவதும் வழக்கமாக இருந்தன. பருவம் தவறி வரும் புயலுக்கோ இவ்வழக்கமும் காப்பு ஆகவில்லை.

1748-ஆம் ஆண்டில் எட்வர்டு பாஸ்கவன் என்னும் கடற்படைத் தலைவர், இங்கிலாந்திலிருந்து பெரியதொரு கப்பற்படையுடன் இக்கரைக்கு வந்தார். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றுவதே அவர் வந்த நோக்கம். முற்றுகை இரண்டு மாதங்கள்கூட நீடிக்கவில்லை. மழையும் நோயும் படையை வாட்டவே, அக்டோபரில் அவர் முற்றுகையை விட்டுவிட்டார். ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரும், அவருடைய கப்பல்கள் சில காலம் இக்கரையிலேயே இருந்தன.

1749-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு எதிரே பாஸ்கவனின் தலைமைக் கப்பலான நாமூர் நங்கூரம் இட்டிருந்தது. அது 74 பீரங்கிகளைத் தாங்கிய பெருங்கப்பல். அம்மாதத்தில் ஒரு நாள் இரவு கொடும்புயல் வீசியது. நாமூர் கடலில் மூழ்கியது. அதில் இருந்த ஏறத்தாழ 520 பேர் மாண்டனர். பெம்புரோக் என்னும் மற்றொரு போர்க்கப்பல் உடைந்து, அதிலும் 300-க்கு மேற்பட்டோர் இறந்தனர். நோயாளிகளைத் தாங்கிய கப்பலும், வணிகக் கப்பல்களும் அழிந்தன. தேவிக்கோட்டையை நோக்கித் தரைவழியே சென்றுகொண்டிருந்த ஆங்கிலப் படை அவ்வேளையில் சிதம்பரத்தின் அருகே பாசறை அமைத்திருந்தது. அதன் கூடாரங்கள் கிழிந்து பறந்தன. வண்டி இழுத்த எருதுகள் பல மடிந்தன.

தலைமைக் கப்பல் மூழ்கியபோது அதன் தலைவர் எங்கே இருந்தார்? பாஸ்கவன் அன்று கரையில் இருந்தார். அலுவல் அவரைக் கரையில் நிறுத்தியிருந்தது. அதுவே அவர் உயிரைக் காத்தது. அவர் புயலை முன்னரே அறிந்தவரும் அல்லர். அதற்கு அஞ்சி இறங்கியவரும் அல்லர். பின்னாளில், 1759-இல், லாகோஸ் கடற்போரில் பிரெஞ்சுக் கப்பற்படையை வென்று அவர் பெரும்புகழ் எய்தினார். அன்று அவர் கப்பலிலே துயின்றிருந்தால், அப்புகழும் அவரும் கடலூர்க் கடலின் அடியில் புதைந்திருக்கும்.

1749-ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்கவன் எஞ்சிய கப்பல்களுடன் தாய்நாடு நோக்கிப் புறப்பட்டார். ஆங்கிலேயரின் கடல் வலிமை இக்கரையில் குன்றியது. புதுச்சேரியின் ஆளுநராக இருந்த டூப்ளே அந்த வாய்ப்பினை நன்கு பயன்படுத்திக்கொண்டார். 1750-ஆம் ஆண்டு செப்டம்பரில், புஸ்ஸி என்னும் படைத்தலைவர் ஓர் இரவில் செஞ்சிக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார். எவராலும் எளிதில் வெல்ல முடியாதது என்று பெயர் பெற்ற கோட்டையில், பொழுது புலரும்பொழுது பிரெஞ்சுக் கொடி பறந்தது. அக்கொடி பத்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கே பறந்தது.

அக்கொடி இறங்கிய கதையிலும் ஒரு புயல் குறுக்கிடுகிறது. 1760-ஆம் ஆண்டு சனவரியில், செஞ்சிக்கு வடகிழக்கே உள்ள வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோல்வியுற்றது. வென்ற ஆங்கிலத் தளபதி ஐர் கூட், பின்னர்ப் புதுச்சேரியைச் சூழ்ந்து முற்றுகையிட்டார். நகரைக் காத்து நின்றவர் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி. தரைவழியைக் கூட்டின் படை அடைத்தது; கடல்வழியை ஆங்கிலக் கப்பல்கள் அடைத்தன. நகருக்குள் உணவு நாளுக்கு நாள் குறைந்தது. உணவைச் சேமிக்கக் கருதி, நகரில் வாழ்ந்த இந்நாட்டு மக்கள் பலரை லாலி வெளியேற்றினார். ஆங்கிலப் படையோ அவர்களைக் கடந்து செல்ல விடவில்லை. முன்னும் போக முடியாமல், பின்னும் திரும்ப முடியாமல், அம்மக்கள் சில நாட்கள் புல்லின் வேரைத் தின்று இடைவெளியில் கிடந்தனர். இறுதியில் கூட் மனம் இரங்கி வழிவிட்டார். அயல்நாட்டார் இருவர் பொருத போரில் இந்நாட்டு ஏழைகள் பட்ட துயருக்கு இஃது ஒரு சான்று.

முற்றுகை தளரலாகாது என்பதற்காக, அவ்வாண்டு மழைக்காலத்திலும் சில ஆங்கிலக் கப்பல்கள் இக்கரையிலேயே நின்றன. ஆண்டின் இறுதியில் கடற்படைத் தலைவர் சார்லஸ் ஸ்டீவன்ஸ், திருகோணமலையிலிருந்து மற்றும் சில கப்பல்களைக் கொண்டுவந்து புதுச்சேரிக்கு முன் நிறுத்தினார். நார்போக் என்னும் கப்பலில் அவர் இருந்தார். பருவத்தின் கொடுமை தீர்ந்தது என்றே யாவரும் எண்ணினர்.

1760 டிசம்பர் 30-ஆம் நாள் வானம் தெளிவாகவே இருந்தது. ஆயினும் தென்கிழக்கிலிருந்து நெடிய பேரலைகள் உருண்டு வந்தன. காற்று இல்லாத கடலில் இத்தகைய அலை எழுவது, தொலைவில் ஏதோ நேர்கிறது என்பதற்கு அடையாளம். புயலினும் விரைந்து செல்வது புயல் எழுப்பும் அலை. காற்று கரையை எட்டுவதற்கு முன்னரே அலை வந்து செய்தி கூறிவிடும். மறுநாள் மாலையில் வானம் கறுத்தது. இரவு ஏறத்தாழ பத்து மணிக்கு வடமேற்குக் காற்று சீறி எழுந்தது.

ஸ்டீவன்ஸ் காலம் தாழ்த்தவில்லை. நங்கூரத்தைத் தூக்குவதற்கும் நேரம் போதாது என்று கண்டு, அதன் வடத்தை வெட்டிவிடக் கட்டளையிட்டார். நார்போக் திறந்த கடலை நோக்கி விரைந்தது. புயல் வரும்போது கரையை விட்டு ஆழ்கடலுக்குச் செல்வது, நிலத்தில் வாழ்வோருக்கு வியப்பாகத் தோன்றலாம். பாய்க்கப்பலுக்கோ அதுவே பாதுகாப்பு. நங்கூரத்தில் கட்டுண்ட கப்பல் அலையோடு எழவும் தாழவும் இயலாமல் நீரை வாங்கி மூழ்கும். வடம் அறுந்தாலோ கரையில் மோதி உடையும். திறந்த கடலில் காற்றின் போக்கில் ஓடுவதற்கு இடம் உண்டு.

தாம் தப்பியது போதும் என்று ஸ்டீவன்ஸ் எண்ணினார் அல்லர். ஏனைய கப்பல்களும் வடத்தை வெட்டிப் புறப்பட வேண்டும் என்று பீரங்கி முழக்கி அறிவித்தார். ஆனால் புயலின் பேரொலியில் அம்முழக்கம் கேட்கவில்லை; மழையின் இருளில் அடையாள ஒளியும் தெரியவில்லை. தலைவரின் கட்டளையின்றி இடம்பெயர்தல் படையின் ஒழுங்குக்கு மாறானது. ஆகவே மற்றக் கப்பல்கள் கட்டளையை எதிர்பார்த்து நின்ற இடத்திலேயே நின்றன. நின்ற ஒவ்வொரு நாழிகையும் அவற்றின் ஆயுளைக் குறைத்தது.

நள்ளிரவுக்குப் பின் காற்று திடீரென அடங்கியது. அறியாதோர் புயல் ஓய்ந்தது என்று எண்ணி மகிழ்ந்திருப்பர். அந்த அமைதியோ புயலின் நடுக்கண். வங்கக் கடலில் எழும் புயல், கடிகார முள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுழல்வது. அதன் முற்பகுதி கரையை அடையும்போது வடக்கிலிருந்து வாடை வீசும். நடுக்கண் கடந்ததும், எதிர்ப்புறமாகிய தெற்கிலிருந்து சோழகம் முன்னிலும் கொடுமையாய் வீசும். அன்றும் அவ்வாறே தென்கிழக்கிலிருந்து காற்று பாய்ந்தது. சில கப்பல்களின் மாலுமிகள் பாய்மரங்களை வெட்டி வீழ்த்தி, கப்பலின் பாரத்தைக் குறைத்து உயிர் தப்பினர். டியூக் ஆஃப் அக்விடெய்ன், சண்டர்லாந்து என்னும் போர்க்கப்பல்களும், டியூக் என்னும் சரக்குக் கப்பலும் மூழ்கின. அவற்றில் இருந்த ஏறத்தாழ 1,100 பேர் இறந்தனர். உயிருடன் மீண்டவர் 14 பேரே. அந்த 14 பேருள் பாதிப்பேர் ஐரோப்பியர். மற்றப் பாதிப்பேர் லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள். நியூகாசில், குவீன்பரோ, புரொடெக்டர் என்னும் வேறு மூன்று கப்பல்கள் புதுச்சேரிக்குத் தெற்கே மணலில் ஏறி உடைந்தன. எனினும் அவற்றில் இருந்தோருள் 7 பேர் தவிர ஏனையோர் கரை சேர்ந்தனர்.

1761-ஆம் ஆண்டின் முதற்பொழுது இந்தக் காட்சியின்மீதே புலர்ந்தது. தரையிலும் அழிவு குறைவன்று. முற்றுகைக்காக எழுப்பிய மண்மேடுகள் கரைந்தன, கூடாரங்கள் கிழிந்தன, வீரர்கள் துப்பாக்கிகளை எறிந்துவிட்டுப் புகலிடம் தேடி ஓடினர். படையின் பின்னே வந்த கூலியாட்கள் பலர் குளிரிலும் மழையிலும் மடிந்தனர். அன்று நகரிலிருந்து ஒரு சிறு படை வெளிப்பட்டிருந்தாலும் ஆங்கிலேயர் பெருந்தோல்வி அடைந்திருப்பர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். பசியாலும் நோயாலும் தளர்ந்த நகரிலிருந்து எந்தப் படையும் வெளிவரவில்லை. ஆங்கிலக் கப்பற்படை அழிந்தது என்றும், சலங்குப் படகுகளில் அரிசியை உடனே அனுப்புக என்றும், லாலி பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சு அலுவலருக்கு மடல் விடுத்தார். அம்மடலும் ஆங்கிலேயர் கையில் சிக்கியது.

கடலுக்கு ஓடித் தப்பிய ஸ்டீவன்ஸ் சில நாட்களில் மீண்டு வந்தார். எஞ்சிய கப்பல்கள் செப்பனிடப்பட்டன. ஒரு வாரத்திற்குள் கடல் முற்றுகை மீண்டும் அமைந்தது. அரிசி வரவில்லை. 1761 சனவரி 16-ஆம் நாள் ஆங்கிலப் படை புதுச்சேரிக்குள் புகுந்தது. தாய்நகரம் வீழ்ந்தபின்னும் செஞ்சி தனித்து நின்றது. அதனைக் காத்தவர் மக்ரேகர் என்பவர். தாக்கியவர் ஸ்டீபன் ஸ்மித் என்பவர். கீழ்க்கோட்டையும் குன்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. கடல்வழியே உதவி வரும் என்ற நம்பிக்கை அற்ற நிலையில், ஏப்ரல் 5-ஆம் நாள் மக்ரேகர் உடன்பட்டுக் கோட்டையை ஒப்படைத்தார். அத்துடன் இந்தியாவில் பிரெஞ்சு அரசின் கொடி பறந்த கடைசிக் கோட்டையும் வீழ்ந்தது. 1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கைக்குப் பின்னரே புதுச்சேரி அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது, செஞ்சி கிடைக்கவில்லை. மலைமேல் இருந்த கோட்டையின் விதியை, அதற்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலில் ஒரு கப்பல் தப்பிய செயலும் சேர்ந்தே உறுதி செய்தது.

இவ்விரு கதைகளையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். பாஸ்கவன் தப்பியது நற்பேற்றால். ஸ்டீவன்ஸ் தப்பியது கடலறிவாலும் விரைந்த துணிவாலும். நற்பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அறிவும் தனி ஒருவரிடம் தங்கிவிட்டால் அவரை மட்டுமே காக்கும். ஸ்டீவன்ஸிடம் அறிவும் இருந்தது. அதனைப் பிறர்க்கு உரைக்கும் நல்லெண்ணமும் இருந்தது. இல்லாதது அச்செய்தியைப் புயலிலும் இருளிலும் கொண்டு சேர்க்கும் வழி. அதனாலேயே 1,100 பேர் இறந்தனர். எச்சரிக்கை பிறந்தால் மட்டும் போதாது. அது கேட்க வேண்டியவர் செவியை எட்டவும் வேண்டும்.

அந்த வழியைத் தேடுவதற்கு மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், பல கப்பல்களின் குறிப்பேடுகளை ஒப்புநோக்கி, இக்கடற்புயல்கள் பாம்பு சுருண்டாற்போல் சுழல்வன என்று விளக்கினார். சைக்ளோன் என்னும் சொல்லை 1848-இல் வெளிவந்த தம் நூலில் மாலுமிகளிடையே பரப்பியவர் அவரே. 1864-ஆம் ஆண்டில் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. அதன்பின், 1865-இல், அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை அமைக்கப்பட்டது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை தோன்றியது. துறைமுகங்களில் ஏற்றப்படும் 1 முதல் 11 வரையுள்ள புயல் எச்சரிக்கைக் கூண்டுகள், அன்று ஸ்டீவன்ஸின் பீரங்கியால் சொல்ல முடியாததைச் சொல்ல ஏற்பட்டவையே. பகலில் கூம்பும் உருளையும், இரவில் செந்நிற வெண்ணிற விளக்குகளும் மாலுமிகளுக்குச் செய்தி கூறுகின்றன. வானில் சுழலும் செயற்கைக்கோள்களும், சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள ராடார்களும் புயலின் போக்கினை நாட்கணக்கில் முன்னரே காட்டுகின்றன.

அப்புயல்கள் பழங்கதை ஆகிவிடவில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கரையை அடைந்ததும் விரைந்து செல்லாமல் பல மணி நேரம் ஓரிடத்திலேயே நின்று மழை பொழிந்தது. மறுநாட் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. கடற்கரையை விட்டு உள்ளே, செஞ்சி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்திலோ அதனினும் மிகுதியாக 50 சென்டிமீட்டரைக் கடந்தது. சங்கராபரணியில் வெள்ளம் பெருகி, அதன் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. பழைய நாளில் புயல் கப்பலைத் தேடி வந்தது. இந்நாளில் அது வயலையும் வீட்டையும் தேடி உள்நாட்டுக்கும் வருகிறது. கோட்டை மதில் பீரங்கிக் குண்டைத் தடுத்திருக்கலாம்; மழையைத் தடுக்கும் மதில் எங்கும் இல்லை.

ஆயினும் 1761-க்கும் 2024-க்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அன்று கடலில் நின்றவர்க்குப் புயல் வருவது தெரியவில்லை. தெரிந்த ஒருவரின் குரலும் எட்டவில்லை. இன்று புயல் பிறக்கும்போதே அதற்குப் பெயரிட்டு, அதன் வழியைக் கணித்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் அறிவிக்கின்றனர். மீனவர் கடலுக்குச் செல்லாமல் தடுக்கப்படுகின்றனர். தாழ்ந்த இடங்களில் வாழ்வோர் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கவைக்கப்படுகின்றனர். இனி வேண்டுவன இரண்டு. ஒன்று, செய்தி அறியாத முதியோருக்கும், வழிப்போக்கருக்கும், அயலூரிலிருந்து வந்து தங்கியிருப்போருக்கும் அதனை அண்டை வீட்டார் எடுத்துச் சொல்லுதல். மற்றொன்று, சொல்லக் கேட்டவர் அப்பொழுதே எழுதல். பொருளையும் இடத்தையும் விட்டுப் பெயர்வது எளிதன்று. ஸ்டீவன்ஸுக்கும் தம் நங்கூரத்தை இழப்பது எளிதாக இருந்திராது. ஆனால் வடத்தை வெட்டத் துணிந்ததனாலேயே அவர் கப்பலும் அதில் இருந்தோரும் பிழைத்தனர். நங்கூரத்தை மீண்டும் செய்துகொள்ளலாம். உயிரை மீண்டும் பெறுதல் இயலாது.